காயங்கள் இடம் மாற்றிய மிட்ஃபீல்டர்: நாட் ஃபைஃபின் ஆட்ட வாழ்க்கை

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் நாட் ஃபைஃப் 2010 முதல் 2025 வரை 16 பருவங்கள் ஆடினார். அத்தனையும் மேற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஃப்ரீமான்டில் என்ற ஒரே அணிக்காகத்தான். அந்தக் காலத்தில் அவருடைய அணி, நாக்-அவுட் சுற்றுகளைக் கணக்கில் எடுக்காமலேயே, ஏறத்தாழ 350 லீக் ஆட்டங்களை ஆடி முடித்தது. ஃபைஃப் களமிறங்கியவையோ, நாக்-அவுட் ஆட்டங்களையும் சேர்த்து, 250க்கும் குறைவு. தடை விதிக்கப்பட்டதாலும் அணியில் தேர்வாகாததாலும் தவறிய சிலவற்றைக் கழித்துவிட்டாலும், விடுபட்ட நூற்றுச் சொச்சம் ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவை உடல் ஒத்துழைக்காததால் விடுபட்டவையே. இத்தனைக்கும் நடுவில், அந்த விளையாட்டில் ஒரு தனி ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் உச்ச விருதான பிரவுன்லோ பதக்கத்தை அவர் இருமுறை வென்றிருக்கிறார்.

இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது, 'காயம் மட்டும் படாமல் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்' என்று ஆதங்கப்படுவது வழக்கம். அந்த ஆதங்கத்தால் எதுவும் விளங்குவதில்லை. எத்தனை ஆட்டங்கள் போயின என்று எண்ணுவதை விட, ஒவ்வொரு காயத்துக்குப் பிறகும் அவர் திரும்பி வந்தபோது மைதானத்தில் எந்த இடத்தில் நிறுத்தப்பட்டார் என்று கவனிப்பதே ஒரு மிட்ஃபீல்டரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளச் சரியான வழி. அதற்கு முதலில் அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து நீள்வட்ட மைதானத்தில் ஆடப்படுவது. கோடையில் கிரிக்கெட் நடக்கும் அதே மெல்போர்ன் மைதானத்தில்தான் குளிர்காலத்தில் இது நடக்கிறது என்றால் பரப்பளவை ஊகித்துக்கொள்ளலாம். ஒரு அணியில் ஒரே நேரத்தில் 18 பேர் களத்தில் இருப்பார்கள். பந்தும் நீள்வட்டமானது. அதைக் காலால் உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. உதைத்த பந்து குறைந்தது 15 மீட்டர் பறந்து வந்து தரையைத் தொடும் முன் ஒருவர் அதைச் சுத்தமாகப் பிடித்துவிட்டால் அதற்கு மார்க் என்று பெயர். பிடித்தவரை யாரும் தொடாமல் அவர் நிதானமாக அடுத்த உதையை எடுக்கலாம். மைதானத்தின் இரு முனையிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பினால் 6 புள்ளிகள் கொண்ட கோல். பக்கவாட்டுக் கம்பங்களுக்கிடையே போனால் பிஹைண்ட் என்ற ஒற்றைப் புள்ளி. ஆட்டம் நான்கு கால் பகுதிகளாக நடக்கும். ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் என்று சொன்னாலும், பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்தைக் கழித்துக் கணக்கிடுவதால் அரை மணி நேரம் வரை நீளும்.

சாதாரணக் கால்பந்தைப் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் ஆஃப்சைடு என்ற விதியே கிடையாது. யாரும் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதால், பந்தை வைத்திருப்பவர் மீது முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எதிரணியினர் பாயலாம். தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே எங்கு பிடித்து மடக்கினாலும் அது முறையான டாக்கிள்தான். மோதல் எந்தத் திசையிலிருந்து வரும் என்று முன்கூட்டித் தெரியாத ஆட்டம் இது.

இதில் மிட்ஃபீல்டரின் வேலை பந்து யாருக்கும் சொந்தமில்லாத கணங்களில்தான் தொடங்குகிறது. ஆட்டத் தொடக்கத்திலும், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும், மைதானத்தின் மையத்தில் நடுவர் பந்தை மேலே எழச் செய்வார். மையச் சதுரத்துக்குள் அப்போது ஒரு அணிக்கு நான்கு பேர் மட்டுமே நிற்கலாம். அவர்களில் ரக் எனப்படும் மிக உயரமானவர் எம்பிப் பந்தைத் தட்டிவிடுவார். மற்ற மூவரும் மிட்ஃபீல்டர்கள். தட்டப்பட்ட பந்தைக் கைப்பற்றி, நெரிசலிலிருந்து வெளியே எடுத்துத் தம் அணியின் தாக்குதலைத் தொடங்கி வைப்பது அவர்கள் பொறுப்பு. பிறகு பந்து எங்கே போனாலும் அதன் பின்னாலேயே ஓட வேண்டும். ஒரு ஆட்டத்தில் நல்ல மிட்ஃபீல்டர் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் ஓடுவார். அதுவும் சீரான ஓட்டமல்ல. திடீர்ப் பாய்ச்சல், நிறுத்தம், திசைத் திருப்பம், மோதல், எழுந்து மறுபடியும் பாய்ச்சல். தடுப்பாட்டக்காரரும் கோல் முனை ஆட்டக்காரரும் தம் பகுதிக்குப் பந்து வராத நேரத்திலாவது மூச்சு வாங்கலாம். மிட்ஃபீல்டருக்கு வெளியே போய் உட்கார்ந்தால்தான் ஓய்வு. அந்தச் சுழற்சி மாற்றங்களுக்கும் அணிக்கு 75 என்ற வரம்பு இருக்கிறது.

ஃபைஃப் பிறந்தது 1991இல். பெர்த் நகரிலிருந்து தென்கிழக்கே முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கோதுமை வயல்கள் சூழ்ந்த லேக் கிரேஸ் என்ற சிற்றூரில் வளர்ந்தார். குடும்பத்துக்கு லாரிப் போக்குவரத்துத் தொழில். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் 2009ஆம் ஆண்டுத் தேர்வில் 20ஆவது ஆளாக ஃப்ரீமான்டில் அவரை எடுத்தது. அந்த இடத்தில் எடுக்கப்படுபவர் திறமைசாலி என்று கருதப்படுவாரே தவிர, விளையாட்டின் தலைசிறந்தவராக வருவார் என்று யாரும் பந்தயம் கட்டுவதில்லை. தொடக்கத்தில் கோல் முனைக்கு அருகே ஆடியவர் விரைவிலேயே மையத்துக்கு வந்தார். 190 சென்டிமீட்டரைத் தாண்டிய உயரம். மிட்ஃபீல்டர்களில் பலர் அவரைவிடக் குட்டையானவர்கள். அந்த உயரத்தோடு, தரையில் கிடக்கும் பந்தைக் குனிந்து எடுக்கும் லாவகமும் இருந்தது. இரண்டும் ஒருவரிடமே சேர்வது அபூர்வம்.

அவருடைய தனி முத்திரை என்று ஒரு காட்சியைச் சொல்லலாம். பந்தைக் கைப்பற்றிய மறுகணம் எதிரணியினர் இருவர் அவர் இடுப்பைக் கட்டிப் பிடிப்பார்கள். வேறு யாராக இருந்தாலும் பந்தோடு மடங்கி விழ வேண்டியதுதான். ஃபைஃப் இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விடுவார். உடல் சிறைப்பட்டிருக்க, கைகள் மட்டும் சுதந்திரமாக இருக்கும். அங்கிருந்தே பந்தைக் குத்தித் தன் அணியினருக்கு அனுப்பிவிடுவார். பார்க்க அழகான காட்சி. ஆனால் தோள்மூட்டின் கோணத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. கை உயர்ந்து, வெளிப்புறமாகத் திரும்பியிருக்கும் நிலையில் யாராவது அதைப் பின்னோக்கி இழுத்தாலோ, அதன் மீது விழுந்தாலோ மூட்டு விலகுவதற்கு அதுவே மிகத் தோதான நிலை. தோள்மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது. அதைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையமும் தசைநார்களும்தான் பந்து மூட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒருமுறை விலகினால் வளையம் கிழிந்து, அடுத்த முறை இன்னும் எளிதாக விலகும். ஃபைஃபின் முதல் பெரிய தடங்கல் 2012இல் தோள்பட்டையில்தான் வந்தது. அந்தப் பருவத்தின் பெரும்பகுதி அதில் போயிற்று. அவரைச் சிறந்தவராக்கிய பழக்கமும் அவர் தோளைச் சோதித்த பழக்கமும் ஒன்றே என்பது என் கணிப்பு.

அடுத்த மூன்று ஆண்டுகள் ஏறுமுகம். 2013இல் ஃப்ரீமான்டில் தன் வரலாற்றில் முதன்முறையாகப் பெரும் இறுதி ஆட்டத்துக்கு முன்னேறி, ஹாதார்ன் அணியிடம் 62-77 என்று 15 புள்ளிகளில் தோற்றது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தன் அணியின் சிறந்த ஆட்டக்காரருக்கான டொய்க் பதக்கம் ஃபைஃபுக்கே கிடைத்தது. 2014இல் ஒரு விநோதம் நடந்தது. பிரவுன்லோ பதக்கத்துக்கு வாக்களிப்பவர்கள் களத்தில் நின்று ஆட்டத்தை நடத்தும் நடுவர்கள். ஒவ்வொரு லீக் ஆட்டத்துக்குப் பிறகும் சிறந்த மூவருக்கு 3, 2, 1 என வாக்குகள் இடுவார்கள். ஆனால் அந்தப் பருவத்தில் முறைகேடான மோதலுக்காகத் தடை பெற்றவர் எத்தனை வாக்கு வாங்கினாலும் பதக்கம் பெற முடியாது. அந்த ஆண்டு 26 வாக்குகளோடு மேட் ப்ரிடிஸ் வென்றார். தடை பெற்றிருந்த ஃபைஃப் வாங்கியிருந்தது 25. ஒரு வாக்கு கூடுதலாக விழுந்திருந்தால் விதிமுறையே கேள்விக்குள்ளாகியிருக்கும்.

2015இல் அந்தச் சிக்கலுக்கு இடமில்லை. பருவத்தின் முற்பகுதியில் அவர் ஆடிய விதம் இணையற்றதாக இருந்தது. பிற்பகுதியில் காயத்தால் சில ஆட்டங்களில் ஆடாமல் போனபோதும் 31 வாக்குகளுடன் பதக்கம் அவருக்கே வந்தது. அணியும் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆனால் அரையிறுதிக்கு நிகரான ஆட்டத்தில் மீண்டும் ஹாதார்னே அவர்களை வீழ்த்தியது. அந்த ஆட்டத்தில் ஃபைஃப் காலெலும்பு முறிந்த நிலையில்தான் ஆடினார் என்பது பிறகு தெரியவந்தது.

முறிந்த காலோடு எப்படி ஓட முடியும் என்று புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்குத் தோன்றும். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உண்டு. உட்புறமுள்ள தடித்த எலும்புதான் உடல் எடையின் பெரும்பங்கைத் தாங்குகிறது. வெளிப்புறமுள்ள ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பு எடையில் சிறு பங்கையே ஏற்கிறது. கணுக்காலை நிலைநிறுத்துவதும் தசைகளுக்குப் பிடிமானம் கொடுப்பதும் அதன் முதன்மை வேலை. ஆகவே ஃபிபுலாவில் விரிசல் விழுந்தால் வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடுவது சிலருக்கு இயலும். ஆனால் இயலும் என்பதற்காகச் செலவில்லாமல் இருக்காது. 2016 ஏப்ரலில், பருவத்தின் ஐந்தாம் ஆட்டத்தில், கார்ல்டன் அணிக்கெதிராக அதே கால் மீண்டும் முறிந்தது. முந்தைய ஆண்டின் பிரவுன்லோ வெற்றியாளருக்கு அந்தப் பருவம் ஐந்து ஆட்டங்களோடு முடிந்துபோனது. அணியின் கதியும் அதோடு சேர்ந்து சரிந்தது: 2015இல் முதலிடத்தில் இருந்த ஃப்ரீமான்டில் 2016இல் முதல் 10 ஆட்டங்களிலும் தோற்று, 18 அணிகளில் 16ஆம் இடத்துக்கு இறங்கியது. ஒரு ஆளின் கால் உடைந்ததால் மட்டுமே அது நேரவில்லை. முதல் நான்கு ஆட்டங்களிலும் அவர் களத்தில் இருந்தபோதே அணி தோற்றுக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் மையத்திலிருந்து பந்தை வெளியே எடுத்துத் தர ஆளில்லாத அணி எப்படித் தடுமாறும் என்பதற்கு அந்தப் பருவம் நல்ல பாடம்.

எலும்பு முறிவைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பார்ப்பதற்குக் கொடூரமாக இருந்தாலும், விளையாட்டு வாழ்க்கையைப் பொறுத்தவரை அது நேர்மையான காயம். தகடும் திருகாணியும் வைத்துச் சரியாகக் கூடிவிட்டால் எலும்பு பழைய வலிமையைப் பெறும். எப்போது ஓடலாம் என்று எக்ஸ்-ரே சொல்லிவிடும். பிரிஸ்பேன் லயன்ஸ் அணியின் மிட்ஃபீல்டர் மைக்கேல் வாஸ் 1998இல் கால் முறிந்து வீழ்ந்தவர். பின்னர் அதே கால்களோடு 2001 முதல் 2003 வரை தொடர்ந்து மூன்று சாம்பியன் பட்டங்களை அணித் தலைவராக வென்றார். ஃபைஃபும் அப்படியே மீண்டார். 2017இல் அணித் தலைவரானார். 2019இல் 33 வாக்குகள் பெற்று இரண்டாம் முறை பிரவுன்லோவை வென்றார். அடுத்து வந்த பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்டுக்குக் கிடைத்தவை 27. லீக்கின் கற்பனைச் சிறந்த அணியான ஆல்-ஆஸ்ட்ரேலியனுக்கும் அந்த ஆண்டு அவரே தலைவர். இவ்வளவுக்குப் பிறகும் அவர் நின்ற இடம் மாறவில்லை. மையச் சதுரத்தில், ரக் ஆட்டக்காரரின் காலடியில்தான் நின்றார்.

அந்த இடத்திலிருந்து அவரை மெல்ல மெல்ல அப்புறப்படுத்தியவை வேறு வகைக் காயங்கள்: தசை, மூட்டு, முதுகு, பாதம். இவற்றைத்தான் தொடக்க வாசகர் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் செய்தியில் இவை ஒற்றை வரியில் கடந்து போய்விடும்.

தொடையின் பின்புறத் தசையான ஹாம்ஸ்ட்ரிங் கிரிக்கெட் ரசிகர்களுக்கும் பரிச்சயமானது. ஆஸ்திரேலியக் கால்பந்தில் அதிக ஆட்டங்களைப் பறிக்கும் காயம் என்று ஆண்டுதோறும் பட்டியலிடப்படுவது பெரும்பாலும் இதுவே. முழுவேகத்தில் ஓடும்போது, முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, இந்தத் தசை நீண்டுகொண்டே அதே நேரத்தில் காலை இழுத்துப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். தசைக்கு மிகக் கடினமான வேலை அது. மிட்ஃபீல்டருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஓட்டத்தைக் குறைக்காமல் இடுப்பை மடக்கிக் குனிந்து, எப்படித் துள்ளும் என்று சொல்ல முடியாத நீள்வட்டப் பந்தை இரு கைகளால் அள்ள வேண்டும். அப்போது தசை இடுப்புப் பக்கமும் முழங்கால் பக்கமும் ஒருசேர இழுபடுகிறது. கிழிந்த இடம் ஆறும்போது தழும்புத் திசு உருவாகிறது. அது பழைய தசையைப் போல நெகிழ்வதில்லை. ஏற்கெனவே ஒருமுறை கிழிந்திருப்பதும், வயதும்தான் மறுபடி கிழிவதற்கான முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. கீழ் முதுகிலிருந்து புறப்படும் நரம்புகளே இந்தத் தசையை இயக்குவதால், வயது கூடிய ஆட்டக்காரர்களிடம் முதுகுத் தேய்மானத்துக்கும் ஹாம்ஸ்ட்ரிங் கோளாறுக்கும் தொடர்பிருக்கலாம் என்று விளையாட்டு மருத்துவர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். இங்கே எக்ஸ்-ரே தரும் நிச்சயம் கிடையாது. பயிற்சியில் நன்றாக ஓடுபவர் ஆட்டத்தின் பத்தாம் நிமிடத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஃபைஃபின் பிற்காலத்தில் இவையெல்லாம் வரிசை கட்டி வந்தன. 2021இல் தோள்பட்டை விலகி, பருவம் முடியும் முன்பே அவர் வெளியேற நேர்ந்தது. தோள் அறுவைக்குப் பிறகு மோதலுக்கு ஏற்ற வலிமை திரும்ப நான்கிலிருந்து ஆறு மாதம் பிடிக்கும். பருவங்களுக்கு இடையேயான ஓட்டப் பயிற்சிக் காலம் அதில் கரைந்துவிடும். 2022 பருவத்துக்கு முன் முதுகிலும் அறுவை நடந்தது. அந்த ஆண்டு ஹாம்ஸ்ட்ரிங்கும் தொல்லை கொடுக்க, அவரால் 7 ஆட்டங்களே ஆட முடிந்தது. 2023இல் பாதக் காயம். இங்கேதான் ஒரு காயம் அடுத்த காயத்துக்கு வழிவிடுவதைப் பார்க்க வேண்டும். கோடைக்காலப் பயிற்சியைத் தவறவிட்டவரின் தசைகளும் தசைநார்களும் மிட்ஃபீல்டருக்குரிய சுமைக்குப் பழகாமலேயே பருவம் தொடங்கிவிடுகிறது. அவசரமாகச் சுமையை ஏற்றினால் பலவீனமான இடம் முறுக்கிக்கொள்ளும். மெதுவாக ஏற்றினால் ஆட்டங்கள் போகும். கிளப்புகள் இதனால்தான் திரும்பி வருபவரை முதலில் மாநில லீக்கில், குறைந்த நிமிடங்களுக்கு ஆடவிட்டுச் சோதிக்கின்றன. பிற்காலத்தில் அவருடன் ஃப்ரீமான்டிலில் ஆடிய ஜேகர் ஓமேரா இதை இளமையிலேயே அனுபவித்தவர்: 2013இல் ஆண்டின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது பெற்றவர், முழங்கால் காயத்தால் 2015, 2016 ஆகிய இரு பருவங்களையும் முழுமையாக இழந்தார்.

இப்போது இடத்துக்கு வருவோம். 2022 முடிவில் ஃபைஃப் தலைமைப் பொறுப்பை விட்டார். மறு ஆண்டு அலெக்ஸ் பியர்ஸ் தலைவரானார். ஃபைஃபை மையத்திலிருந்து கோல் முனைக்கு நகர்த்துவது என்று அணி முடிவு செய்தது. காகிதத்தில் இது நல்ல யோசனை. உயரமானவர், மார்க் பிடிப்பதில் வல்லவர்; ஓட வேண்டிய தூரமும் குறையும். நடைமுறையில் அது அவ்வளவு சோபிக்கவில்லை. கோல் முனை ஆட்டக்காரருக்குத் தேவைப்படுவது குறுகிய தூரத்தில் வெடிக்கும் வேகமும் மறுபடி மறுபடி எம்பிக் குதிக்கும் கால்களும். முதுகும் ஹாம்ஸ்ட்ரிங்கும் பாதமும் நொந்த ஒருவரிடம் முதலில் காணாமல் போவது அவைதான். நெரிசலுக்குள் பந்தை மோப்பம் பிடிக்கும் அறிவு மட்டும் குறையவில்லை. ஆகவே 2024இல் அவர் ஓரளவு தொடர்ச்சியாக ஆடிய பருவத்தில், மீண்டும் மையத்தை ஒட்டியே அதிகம் பயன்பட்டார். ஆனால் முன்பு போல எல்லாம் தன்னைச் சுற்றி நடக்கும் முதன்மை மிட்ஃபீல்டராக அல்ல. இளையவர்களுக்குத் துணையாக, குறைந்த நேரத்துக்கு.

2025இல் இன்னும் ஒரு படி வெளியே. அப்போதைய விதிப்படி ஒவ்வொரு அணியும் மாற்று ஆட்டக்காரர் ஒருவரை ஆட்டத் தொடக்கத்தில் வெளியே உட்கார வைத்து, வேண்டியபோது வேறொருவருக்குப் பதிலாக இறக்கலாம். அப்படி மாற்றப்பட்டவர் அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. களைத்த கால்களுக்கு நடுவே கடைசி ஒரு மணி நேரத்துக்குப் புது ஆள் ஒருவர் வருவது பெரிய அனுகூலம். முழு ஆட்டத்தைத் தாங்காத உடலும் தேய்ந்துபோகாத திறமையும் கொண்ட மூத்தவருக்கு அது பொருத்தமான வேலையும்கூட. இரண்டு பிரவுன்லோ வென்ற ஒருவரைப் பெஞ்சில் உட்கார வைப்பதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது அவமதிப்பாகத் தோன்றவில்லை. அவரிடம் எஞ்சியிருந்ததை வீணாக்காமல் பயன்படுத்த அணிக்கு இருந்த ஒரே வழி அதுவே.

அந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுவதாக அவர் அறிவித்திருந்தார். செப்டம்பர் மாதம் பெர்த் மைதானத்தில் நடந்த நாக்-அவுட் ஆட்டத்தில் கோல்ட் கோஸ்ட் அணி ஃப்ரீமான்டிலை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றது. ஃபைஃப் அன்றும் மாற்று ஆட்டக்காரர்தான். வெற்றியைத் தீர்மானித்த அந்த ஒற்றைப் புள்ளி, ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் கோல்ட் கோஸ்டின் டேவிட் ஸ்வாலோ உதைத்த பிஹைண்டில் கிடைத்தது. 2010ஆம் ஆண்டுத் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட மிட்ஃபீல்டர் அவர்; 2016 பருவம் முழுவதையும் முழங்காலுக்குப் பறிகொடுத்தவர்; அவருக்கும் அதுவே கடைசிப் பருவம்.